மணிநேரம் சேர்க்க எந்தப் பழைய விமானம் வாங்கலாம்?

கேள்வி: அண்ணா, வணக்கம். ஹூஸ்டனில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 29, போன வருடம் கிரீன் கார்டு வந்தது. பிரைவேட் பைலட் லைசென்ஸ் கையில் இருக்கிறது, லாக்புக்கில் 92 மணிநேரம். ஏர்லைனில் சேர 1,500 மணிநேரம் வேண்டும் என்பதால் சொந்தமாக ஒரு பழைய விமானம் வாங்க நினைக்கிறேன். இங்கே கிளப்பில் செஸ்னா 172 வாடகை மணிக்கு 165 டாலர், சனி ஞாயிறுகளில் கிடைப்பதே இல்லை. 55,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்று விமானங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, கான்சாஸில் 1974-ஆம் வருட செஸ்னா 150, விலை 31,000. மொத்தம் 3,900 மணிநேரம், இன்ஜின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) 2001-இல், அதற்கு அப்புறம் 420 மணிநேரம்தான். கடந்த நான்கு வருடத்தில் 11 மணிநேரம் பறந்திருக்கிறது. இரண்டு, கால்வெஸ்டன் பக்கம் வெளியில் நிற்கும் 1968 பைப்பர் செரோக்கி 140, விலை 47,000. மூன்று, ஒரு பயிற்சிப் பள்ளி விற்கிற 1980 செஸ்னா 152, விலை 42,000. மொத்தம் 13,600 மணிநேரம் ஓடியிருக்கிறது, இன்ஜினில் 1,500. அந்த 13,600-ஐப் பார்த்ததும் பயமாகிவிட்டது. கான்சாஸ் 150-க்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பதில்:

தம்பி, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மூன்றில் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது நீங்கள் பயப்படுகிற அந்த 152-ஐத்தான். கான்சாஸ் 150 உங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்குக் காரணம் இரண்டு எண்கள், 3,900-உம் 420-உம். எனக்குக் கண்ணில் குத்துகிற எண் அந்த 11.

நான் இருபது வருடத்துக்கு மேலாக மெக்கானிக்காகவும் பயிற்சியாளராகவும் இருக்கிறேன். மணிநேரம் சேர்க்க விமானம் வாங்க வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே நீங்கள் பார்த்த மாதிரிதான் பார்க்கிறார்கள், கார் வாங்குகிறவர் ஓடோமீட்டரைப் பார்க்கிற மாதிரி. விமான இன்ஜின் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம். 2001-இல் ஓவர்ஹால், அப்புறம் 420 மணிநேரம் என்றால் வருடத்துக்கு இருபது மணிநேரம்கூட வரவில்லை. கடைசி நான்கு வருடத்தில் வருடத்துக்கு மூன்று மணிநேரம்கூட இல்லை. அவ்வளவு நாள் நிற்கும்போது சிலிண்டர் சுவரிலும் வால்வைத் தள்ளுகிற லிஃப்டர் முகத்திலும் ஒட்டியிருந்த ஆயில் மெல்ல வடிந்துவிடும். உள்ளே இருக்கிற ஈரம் இரும்பைப் பிடிக்கும், ரப்பர் சீல்களும் ஹோஸ்களும் காய்ந்து விறைக்கும். "மாதம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஓடவிடுவேன்" என்று விற்கிறவர் பெருமையாகச் சொல்வார், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தரையில் பத்து நிமிடம் ஓடினால் ஆயில் சரியாகச் சூடாகாது, எரிதலில் உண்டாகும் தண்ணீர் ஆவியாகி வெளியே போகாமல் ஆயிலிலேயே தங்கும். இன்ஜின் செய்கிற காண்டினெண்டல் கம்பெனியும் சரி, லைகாமிங்கும் சரி, ஓவர்ஹாலுக்கு மணிநேரக் கணக்கோடு 12 வருடம் என்று ஒரு காலக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர்களை எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத்துறை ஆணையம்) அந்தக் கணக்குக்குக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் இன்ஜின் செய்தவனே பன்னிரண்டு என்று சொல்லும்போது இருபதைத் தாண்டிய இன்ஜினை "420 மணிதான்" என்று நினைத்து விலை கொடுக்கக் கூடாது.

இது எனக்கே பட்டு வந்த அறிவு. 27 வயதில் நானும் மணிநேரம் சேர்க்க ஒரு செஸ்னா 172 வாங்கினேன். 150 குதிரைத்திறன் லைகாமிங், ஓவர்ஹாலுக்கு அப்புறம் 380 மணிநேரம், ஒரு ஹேங்கரில் ஆறு வருடம் பத்திரமாக நின்றது. பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட் உறைகூடக் கிழியவில்லை. ஒரு முப்பத்தைந்து மணிநேரம் பறந்திருப்பேன், ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி விரித்தால் மடிப்புகளுக்குள் மினுமினு என்று பொடி, காந்தத்தை வைத்தால் ஒட்டுகிறது. லைகாமிங் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது, நிற்கும்போது முதலில் ஆயில் வடிவது அதில்தான். துரு பிடித்த முனை, நான் பறக்கப் பறக்க, அரைந்து ஆயிலில் கலந்திருக்கிறது. இன்ஜினை இறக்கிப் பிரித்து மறுபடி ஏற்ற ஐந்து மாதம் ஆனது, செலவு நான் விமானத்துக்குக் கொடுத்த விலையில் பாதி, அந்த ஐந்து மாதமும் வாடகை விமானத்திலேயே பறந்தேன். கான்சாஸ் 150-இல் இருக்கிற காண்டினெண்டல் ஓ-200-இல் கேம்ஷாஃப்ட் கீழே இருப்பதால் அந்த ஒரு ஆபத்து கொஞ்சம் குறைவு, சிலிண்டர், லிஃப்டர், சீல் எல்லாம் அதே கதைதான். நேரில் போரோஸ்கோப் (சிலிண்டருக்குள் விடுகிற சின்னக் கேமரா) விட்டுப் பார்த்து சுத்தமாக இருந்தால், ஓவர்ஹால் செலவை மொத்தமாகக் கழித்து விலை பேசினால், அப்போது அது வேறு பேச்சு. 31,000-க்கு வேண்டாம்.

சரி, 13,600-க்கு வருவோம். செஸ்னா 152-இன் உடம்புக்கு இத்தனை மணிநேரத்தோடு முடிந்தது என்று ஒரு வரம்பு கிடையாது. பைப்பர் டோமஹாக் என்று அதே காலத்துப் பயிற்சி விமானம் ஒன்று உண்டு, அதன் இறக்கைத் தண்டுக்கு 11,000 மணிநேரம் என்று வரம்பு இருக்கிறது, அதை வாங்கினால் அந்தக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். 152-க்கு அப்படி இல்லை. அது மட்டுமல்ல, பள்ளி தன் பயிற்சியாளரோடு சேர்த்து வாடகைக்கு விடுகிற விமானத்தை ஒவ்வொரு 100 மணிநேரத்துக்கும் ஒருமுறை முழுதாகத் திறந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் கான்சாஸ் 150-ஐ இந்த நான்கு வருடத்தில் எத்தனை முறை ஒரு மெக்கானிக் திறந்து பார்த்திருப்பார்? வருடத்துக்கு ஒன்றாக நான்கு. இந்த 152 ஒரே வருடத்தில் அதைவிட அதிகமாகத் திறக்கப்பட்டிருக்கும், எது தேய்ந்ததோ அதை மாற்றியிருப்பார்கள், மாற்றியது எழுத்தில் இருக்கும்.

இன்ஜினில் 1,500 என்பதும் அப்படித்தான். 152-இல் இருப்பது லைகாமிங் ஓ-235, 110 குதிரைத்திறன், ஓவர்ஹாலுக்குச் சொல்லப்பட்ட கணக்கு 2,400 மணிநேரம். தினமும் ஓடிக்கொண்டே 1,500 வந்த இன்ஜின், அடுத்த சில நூறு மணிநேரத்தைச் சத்தமில்லாமல் ஓடித் தரும் என்று நம்ப நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் விசாரியுங்கள். அந்த விமானம் இன்றைக்கும் பள்ளியின் தினசரி வரிசையில் பறக்கிறதா, இல்லை எட்டு மாதமாக ஓரமாக நிற்கிறதா? லாக்புக்கில் தேதியும் டாக் மணிநேரமும் (இன்ஜின் ஓடிய கணக்கு) இருக்கும், கடைசி ஒரு வருடப் பக்கங்களை வைத்து மாதம் எத்தனை மணிநேரம் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். நின்றுகொண்டிருந்தால் அதுவும் கான்சாஸ் விமானம்தான், நான் சொன்ன நல்ல வார்த்தை எதுவும் அதற்குப் பொருந்தாது.

பள்ளி விமானத்துக்கென்று சில அடிகள் உண்டு, பார்க்கப் போகிற மெக்கானிக்கிடம் இவற்றைக் குறிப்பாகக் கேளுங்கள். மாணவர்கள் மூக்குச் சக்கரத்தில் இறங்கியிருப்பார்கள், அந்த அடி போய்ச் சேருகிற இடம் ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு. இன்ஜின் மூடியான கௌலிங்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியில் தகடு சுருங்கியிருப்பது தெரியும், ரிவெட் ஓரம் பெயின்ட் வெடித்திருக்கும். ப்ரொபெல்லர் எப்போதாவது தரையைத் தொட்டதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தொட்டிருந்தால் லைகாமிங் இன்ஜினில் கிராங்க்ஷாஃப்ட் கியரைத் திறந்து பார்க்கச் சொல்லி ஏ.டி., அதாவது எஃப்.ஏ.ஏ. போடுகிற கட்டாய உத்தரவு, இருக்கிறது, அதற்கான பதிவு லாக்புக்கில் இருந்தே ஆக வேண்டும். ப்ரொபெல்லர் மாற்றிய பதிவு இருக்கிறது, இன்ஜின் திறந்த பதிவு இல்லை என்றால் அங்கே ஏதோ மறைந்திருக்கிறது.

 150, 152 இரண்டுக்கும் உள்ள ஏ.டி.-களில் இரண்டை நான் முதலில் பார்ப்பேன். ஒன்று சீட் ரெயில். ரெயிலில் உள்ள துளைகள் தேய்ந்து பின் சரியாக உட்காராவிட்டால், டேக்ஆஃபில் மூக்கு தூக்கும்போது சீட் அப்படியே பின்னால் சறுக்கும், கையில் பிடித்திருக்கிற யோக்கும் (விமானத்தின் ஸ்டீயரிங்) கூடவே பின்னால் வரும், இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விமானம் ஸ்டாலுக்குப் போகும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இரண்டாவது ரடர் ஸ்டாப், வாலில் திரும்புகிற ரடருக்கான தடுப்பு. ரடர் தன் எல்லையைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டு ஸ்பின்னிலிருந்து (சுழன்றபடி விழுவது) வெளிவர முடியாமல் போன விபத்துகளுக்கு அப்புறம், 2009-இல் அதற்கு ஒரு ஏ.டி. வந்தது. பள்ளி விமானத்தில் ஸ்பின் கற்றுக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு, அதனால் பேப்பரில் மட்டும் இல்லாமல் கண்ணாலும் அந்த ஸ்டாப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செரோக்கி 140 எனக்குப் பிடித்த விமானம், நிதானமானது, காற்றடிக்கிற நாளில் 152-ஐவிட ஒழுங்காக இறங்கும். ஆனால் நீங்கள் சொன்னது கால்வெஸ்டன் பக்கம், அதுவும் வெளியில். உப்புக்காற்றில் வருடக்கணக்காக நின்ற 1968-ஆம் வருட அலுமினியம். இறக்கையின் பெட்ரோல் டேங்கைக் கழற்றி அதன் பின்னால் உள்ள மெயின் ஸ்பாரையும் (இறக்கையைத் தாங்கும் தண்டு), இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பின் ஸ்பாரையும் பார்க்காமல் யாராலும் அது நல்லது என்று சொல்ல முடியாது. மேலே பெயின்ட் புதிதாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். 2018 ஏப்ரலில் டேடோனா பீச்சில் பயிற்சியில் இருந்த ஒரு பைப்பர் ஏரோ விமானத்தின் இறக்கை முறிந்து இரண்டு பேர் இறந்தார்கள், காரணம் ஸ்பாரில் உலோகச் சோர்வால் வந்த விரிசல். அதற்கு அப்புறம் செரோக்கியும் ஏரோவும் சேர்ந்த பி.ஏ.-28 குடும்பத்தில் பல மாடல்களுக்கு ஸ்பார் போல்ட் துளைகளைச் சோதிக்க ஏ.டி. வந்திருக்கிறது. எந்த மாடல், எந்த சீரியல் நம்பர் அதில் வருகிறது என்பதை மெக்கானிக் பார்த்துச் சொல்வார். கால்வெஸ்டன் துரு வேறு, இந்த விரிசல் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு முதலில் கவலை துருதான். இன்னொன்று, செரோக்கி மணிக்கு எட்டரை கேலன் குடிக்கும், 152 ஆறு. கேலன் 6 டாலர் என்றால் மணிக்கு 15 டாலர் அதிகம்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பணத்தை இதுதான் தீர்மானிக்கிறது. உங்களுக்கு இந்த விமானத்தில் 1,400 மணிநேரம் பறக்கத் தேவையே இல்லை. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 250 மணிநேரம், உங்களிடம் 92, மீதி 158. நடுவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிற தகுதி), அப்புறம் கமர்ஷியல், அப்புறம் பயிற்சியாளருக்கான சி.எஃப்.ஐ. அதன்பின் 1,500 வரைக்கும் சேருகிற மணிநேரத்தை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்க்கலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். ஆகவே கணக்கை 158-க்குப் போடுவோம்.

வாடகை என்றால் 158-ஐ 165-ஆல் பெருக்க 26,070 டாலர். சொந்த 152 என்றால் பெட்ரோல் மணிக்கு 36. ஓவர்ஹாலுக்கு 30,000 ஆகும் என்று வைத்து 2,400-ஆல் வகுத்தால் மணிக்கு பன்னிரண்டரை. ஆயில், டயர், பிளக், சின்னச் சின்ன ரிப்பேருக்கு ஒரு 12. ஆக மணிக்கு அறுபது சொச்சம், 158-க்கு சுமார் 9,500. இதோடு பறந்தாலும் பறக்காவிட்டாலும் போகிற காசு ஒரு வருடத்துக்கு: டை-டவுன் (விமானம் நிறுத்துகிற இடத்து வாடகை) 1,200, இன்ஷூரன்ஸ் 1,800, ஆனுவல் இன்ஸ்பெக்ஷனும் அதில் கண்டுபிடிக்கிற வேலையும் சேர்த்து 3,000 என்று வையுங்கள், மொத்தம் 6,000. இரண்டும் சேர்ந்து 15,500. மிச்சம் பத்தாயிரம் சொச்சம். வாங்குவதற்கு முந்தைய சோதனை, போக வர டிக்கெட், விமானத்தைக் கொண்டு வருகிற செலவு எல்லாம் கழித்தால் எட்டாயிரம் நிற்கும். ஒரு வருடத்தில் இரண்டு சிலிண்டரும் ஒரு ரேடியோவும் போனால் அந்த மிச்சமும் காலி. நான் உங்கள் ஆசையைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. சொந்த விமானத்தில் உண்மையான லாபம், வேலை முடிந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நினைத்தால் பறக்கலாம் என்பது. வாடகையில் மூன்று வருடம் இழுக்கிற 158 மணிநேரத்தை ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். விமானம் பறக்கும் நிலையில் இருந்தால்தான் அந்த லாபம் கைக்கு வரும், அதனால்தான் நின்ற விமானத்தை அத்தனை அழுத்திச் சொன்னேன். 42,000-க்கு வாங்கினால் உங்கள் கையில் 13,000 இருக்கும். அதில் கை வைக்காதீர்கள், அதை வைத்து ஜிபிஎஸ் வாங்கலாம் என்று யாராவது சொன்னாலும்.

ஜிபிஎஸ் என்றதும் ஒன்று. சி.எஃப்.ஐ. ஆக இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வேண்டும், அதனால் நீங்கள் வாங்குகிற விமானம் இப்போதே ஐ.எஃப்.ஆர். (கருவிகளை வைத்து) பறக்கத் தகுதியுள்ளதாக இருந்தால் மிகவும் நல்லது. வெறும் ஒரு பழைய ரேடியோ உள்ள விமானத்தை வாங்கிப் பிறகு கருவி பொருத்தலாம் என்று நினைத்தால், பொருத்துகிற கூலியே கருவி விலைக்குப் பக்கத்தில் வரும், விற்கும்போது அதில் பாதிகூடத் திரும்பாது. 152-இன் ரேடியோக்கள் என்ன மாடல், இறங்க வழிகாட்டுகிற ஐ.எல்.எஸ். கிளைட் ஸ்லோப் வேலை செய்கிறதா, ஆல்டிமீட்டரையும் டிரான்ஸ்பாண்டரையும் 24 மாதத்துக்குள் சோதித்த பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். விமானம் இருக்கிற இடத்தைத் தானே அறிவிக்கிற ஏ.டி.எஸ்.-பி. கருவி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்க அது கட்டாயம், ஹூஸ்டனில் இருந்துகொண்டு அது இல்லாமல் உங்களால் எங்கேயும் போக முடியாது. கான்சாஸில் ஊர் ஓரத்து ஓடுதளத்தில் நின்ற விமானத்தில் அது இல்லாமலே இருக்கலாம்.

எடை விஷயத்தையும் இப்போதே பாருங்கள். 152-இன் அதிகபட்ச எடை 1,670 பவுண்டு. பள்ளி விமானம் கருவிகளோடு 1,170 பவுண்டு என்று வைத்தால் மீதி 500. நீங்கள் 185, பயிற்சியாளர் 200 என்றால் பெட்ரோலுக்கு 115 பவுண்டு, அதாவது 19 கேலன். மூன்று மணிநேரப் பறத்தலுக்குச் சரி, ரிசர்வுக்கு ஒதுக்கினால் இன்னும் குறைவு. பயிற்சியாளர் இன்னும் கனமானவர் என்றால் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். சரியான எண் அந்த விமானத்தின் வெயிட் அண்ட் பேலன்ஸ் தாளில் இருக்கும், அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆகஸ்ட் மதியம் டெக்ஸாஸ் வெயிலில் 110 குதிரைத்திறன் எப்படி ஏறும் என்பதையும் புத்தகத்தில் பாருங்கள். மேற்கே மிட்லாண்ட் மாதிரி சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிற ஊருக்கு நீளப் பயணம் போவதென்றால் விடியற்காலையில் கிளம்புங்கள்.

நீளப் பயணம் என்று சொன்னது காரணமாகத்தான். இந்த 1,500 விதி வந்ததே 2009 பிப்ரவரியில் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் கம்பெனியின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்ததற்கு அப்புறம்தான். அந்த விமானத்தின் கேப்டன், கோ-பைலட் இரண்டு பேருக்குமே 1,500-ஐத் தாண்டி மணிநேரம் இருந்தது. அதனால் வீட்டுக்கு மேலேயே வட்டமடித்து எண்ணை ஏற்றாதீர்கள். ஏர்லைன் பைலட் லைசென்ஸான ஏ.டி.பி.-க்கு 500 மணிநேரம் கிராஸ் கன்ட்ரி (வேறு ஊருக்குப் போகிற பயணம்), 100 மணிநேரம் இரவு, 75 மணிநேரம் இன்ஸ்ட்ருமென்ட் கேட்கிறார்கள். முதல் நாளிலிருந்தே 50 கடல் மைலுக்கு அப்பால் இருக்கிற புது ஊர்களில் இறங்கிப் பழகுங்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும் 50 மணிநேரம் கிராஸ் கன்ட்ரி வேண்டும், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். வெளியே தெரியாதபடி ஹுட் போட்டுப் பறக்கும்போது பக்கத்தில் சேஃப்டி பைலட்டாக இன்னொருவர் இருந்தால் ஹுட் போட்ட நேரத்தை இருவருமே எழுதிக்கொள்ளலாம், செலவையும் பகிரலாம். ஆனால் சேஃப்டி பைலட் அதைக் கிராஸ் கன்ட்ரி கணக்கில் எழுத முடியாது. நண்பரோடு முதலிலேயே இதைப் பேசிவிடுங்கள், பிறகு லாக்புக்கைத் திருத்துவது அசிங்கமாக இருக்கும். கமர்ஷியலுக்கு நவீனத் திரை வைத்த விமானத்திலோ சக்கரத்தை உள்ளிழுக்கிற காம்ப்ளெக்ஸ் விமானத்திலோ 10 மணிநேரம் பயிற்சி வேண்டும், அதை வாடகைக்கு எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வாங்கும் முறைக்கு வருகிறேன். பள்ளி விமானத்தை இதுவரை பராமரித்த மெக்கானிக்கை வைத்துச் சோதிக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அந்த ஊரில் அந்த விமானத்தைத் தொட்டிராத, 152-இல் கை பழகிய ஒருவரைத் தேடி, உங்கள் காசில், உங்களுக்காக ஒரு முழு நாள் பார்க்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறதா என்று) பார்ப்பார், 80-க்கு 70-க்கு மேல் நான்கு சிலிண்டரும் வந்தால் சந்தோஷம். ஒன்று குறைந்தால் காற்று எங்கே கசிகிறது என்று கேளுங்கள். எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். எக்ஸாஸ்ட் வால்வு என்றால் போரோஸ்கோப்பில் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டச் சொல்லுங்கள். வால் பகுதிக்குள் தலையை விட்டு எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், எலி மூத்திரம் அலுமினியத்தைத் தின்னும். அவர் வேலை முடிவது வரைக்கும் உங்கள் முழுப் பணமும் உங்களிடமே இருக்கட்டும். அட்வான்ஸ் கேட்டால் சோதனையில் குறை வந்தால் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கி, ஒரு எஸ்க்ரோ கணக்கில் (நடுவர் ஒருவர் வைத்திருக்கிற கணக்கு) போடுங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால், வீட்டிலிருந்தே செய்ய வேண்டியது ஒன்று. ஓக்லஹோமா சிட்டியில் எஃப்.ஏ.ஏ.-வின் பதிவு அலுவலகம் இருக்கிறது. விமானத்தின் "N" பதிவு எண்ணைக் கொடுத்து அந்த விமானத்தின் முழுப் பதிவையும் வாங்கிக்கொள்ளலாம், பெரிய ரிப்பேர் நடந்திருந்தால் 337 படிவமாக அதில் இருக்கும், கடன் இருந்தால் அதுவும் தெரியும். விற்கிறவர் "விபத்தே இல்லை" என்று சொன்னதையும் அந்த 337-களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சரியாகச் செய்த ரிப்பேர் எனக்குக் கவலை இல்லை, சொல்லாத ரிப்பேர்தான் கவலை. லாக்புக் தொலைந்துவிட்டது என்றால் விலை பேசாமலே வந்துவிடுங்கள்.

உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் விமானத்தை உங்கள் பெயரிலேயே பதியலாம். இதைப் படிக்கிற மற்றத் தம்பி தங்கைகளில் எச்-1பி, எஃப்-1 விசாவில் இருக்கிறவர்கள் உண்டு, உங்கள் பெயரில் அமெரிக்காவில் விமானம் பதிய முடியாது, டிரஸ்ட் மூலமாகத்தான் போக வேண்டும், ஒரு விமானத்துறை வக்கீலைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். தம்பி, நீங்களும் இன்னும் குடிமகன் இல்லை என்பதால் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி தொடங்கும் முன் டி.எஸ்.ஏ. (போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை) அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நாளாகும், விமானம் தேடும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சொந்த விமானத்தில் ஒரு பயிற்சியாளரைக் கூலிக்கு வைத்து நீங்கள் கற்றுக்கொள்வதற்கு அந்த 100 மணிநேர இன்ஸ்பெக்ஷன் கட்டாயமில்லை, வருட இன்ஸ்பெக்ஷன் போதும். ஆனால் ஐம்பது மணிநேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றி ஃபில்டரை வெட்டிப் பாருங்கள், அதை நீங்களே செய்ய சட்டம் அனுமதிக்கிறது, கூட ஒரு மெக்கானிக் நின்று முதல் இரண்டு முறை காட்டிக் கொடுத்தால் போதும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இந்த வாரமே பேசுங்கள். 92 மணிநேரம் உள்ளவருக்கு, இந்த மாடலில் பயிற்சியாளரோடு இத்தனை மணிநேரம் பறந்த பிறகுதான் தனியாக, என்று நிபந்தனை வைக்கக்கூடும், அது தெரிந்தால்தான் விமானத்தை யாரோடு வீட்டுக்குக் கொண்டு வருவது என்று முடிவெடுக்க முடியும். எப்படியும் அந்த முதல் பயணத்தைத் தனியாகச் செய்யாதீர்கள், 152 தெரிந்த ஒரு பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு போய், பகலில், நல்ல வானிலையில், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கௌலிங்கைத் திறந்து ஆயில் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். 152-இன் இன்ஜின் லாக்புக்கில் கடைசி மூன்று வருடப் பக்கங்களின் படமும், வெயிட் அண்ட் பேலன்ஸ் தாளும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், மெக்கானிக்கை அனுப்பலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.